சேயைப் பார்த்துத் தாயை மாற்றும் விதி

இணையப் படிவம் ஒன்றில் மின்னஞ்சல் முகவரியை அரைகுறையாக விட்டுவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போகிறீர்கள். அந்தக் கட்டத்தைச் சுற்றியிருக்கும் பெட்டி முழுவதும், மேலே உள்ள தலைப்பும் சேர்ந்து, சிவப்பாகிவிடுகின்றன. சாதாரணமான மாற்றம்தான். ஆனால் உள்ளே இருக்கும் ஓர் உறுப்பின் (கட்டம், படம், பெட்டி போன்ற பக்கத்தின் ஒரு பகுதியின்) நிலையைப் பார்த்து வெளியே இருக்கும் உறுப்பின் தோற்றத்தை மாற்ற, 2022 வரை வலைப்பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் சி.எஸ்.எஸ். மொழியில் பொதுவான வழியே இல்லை. ஜாவாஸ்கிரிப்ட் நிரலைக் காவலுக்கு வைத்து, தவறு தெரிந்தவுடன் பெட்டிக்கு அடையாளச் சீட்டுபோல ஒரு வகுப்புப் பெயரை ஒட்டி, சரியானதும் மறக்காமல் நீக்க வேண்டும். இப்போது அதே வேலையை ‘ஹேஸ்’ (:has) என்ற தேர்வி, அதாவது விதி எந்த உறுப்புக்குப் பொருந்தும் என்று சுட்டும் பகுதி, ஒரே வரியில் முடித்துவிடுகிறது: ‘தவறான கட்டம் எந்தப் பெட்டிக்குள் இருக்கிறதோ, அந்தப் பெட்டியைச் சிவப்பாக்கு.’

இவ்வளவு எளிய ஆசை நிறைவேற ஏன் இத்தனை காலம் ஆனது? உலாவிகளின் வேகம் எதில் இருக்கிறது என்று பார்த்தால் விடை கிடைக்கும்.

‘கட்டுரைக்குள் இருக்கும் படம்’ என்று ஒரு விதி எழுதினால், நாம் அதை இடமிருந்து வலமாகப் படிக்கிறோம். உலாவி வலமிருந்து இடமாகப் படிக்கிறது. பக்கத்தில் உள்ள ஒவ்வோர் உறுப்பையும் எடுத்து, ‘நீ படமா?’ என்று முதலில் கேட்கிறது. பெரும்பாலானவை படம் இல்லை, அந்த விதி அங்கேயே கழிந்துவிடுகிறது. படமாக இருந்தால் மட்டும் அதைச் சுற்றியிருக்கும் தாய் உறுப்பு, தாயின் தாய் என்று மேலே ஏறிக் கட்டுரையைத் தேடுகிறது. ஆயிரக்கணக்கான உறுப்புகள் உள்ள பக்கத்திலும் ஓர் உறுப்புக்கு மேலே இருப்பவை சில பத்துகளைத் தாண்டுவது அரிது. அதனால் ஏறிப் பார்ப்பதில் செலவு குறைவு.

‘ஹேஸ்’ கீழே இறங்கச் சொல்கிறது. ஒரு பெட்டிக்கு உள்ளே எத்தனை உறுப்புகள் இருக்கும் என்பதற்கு வரம்பே கிடையாது. அதைவிடப் பெரிய சிக்கல் மாற்றங்களில் இருக்கிறது. பக்கத்தின் உள்ளடக்கமான எச்.டி.எம்.எல். துண்டு துண்டாக வந்துசேர, உலாவி வந்தவரைக்கும் திரையில் வரைந்துகொண்டே போகிறது. வரைந்து முடித்த பெட்டிக்குள் பிறகு ஒரு படம் வந்து விழுந்தால் பெட்டியின் தோற்றம் மாற வேண்டியிருக்கலாம். பெட்டி மாறினால், அதைச் சார்ந்து விதி எழுதப்பட்ட மற்ற உறுப்புகளும் மாற வேண்டும். கடைக்கோடியில் ஒரு சிறு மாற்றம் நேர்ந்தால் பக்கம் முழுவதையும் மறுபடி கணக்கிடும் நிலை வரலாம்.

இந்த அச்சம் தரநிலை ஆவணங்களிலேயே பதிவாகியிருக்கிறது. நான்காம் நிலைத் தேர்விகளுக்கான வரைவு 2011-இல் வெளிவந்தது; பின்னர் வந்த வரைவில் ‘ஹேஸ்’ இடம்பெற்றது. ஆனால் அப்போது தேர்விகளை இரண்டு பட்டியலாகப் பிரித்து, நடைத்தாள்களில் (சி.எஸ்.எஸ். விதிகளின் தொகுப்பில்) பயன்படக்கூடிய ‘வேகமான’ பட்டியலில் இதைச் சேர்க்காமல் விட்டார்கள். ஜேகுவெரி என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்தில் இதே தேர்வி அதற்குப் பல ஆண்டுகள் முன்பே வேலை செய்துகொண்டிருந்தது. கேட்கும்போது ஒருமுறை தேடிச் சொன்னால் அங்கே போதும். சி.எஸ்.எஸ். விதியோ பக்கம் திறந்திருக்கும் ஒவ்வொரு நொடியும் உண்மையாக இருந்தாக வேண்டும்.

வழி கிடைத்தது புதிய கணினிகளால் அல்ல, கவனமான கணக்குவைப்பால். ஒரு ‘ஹேஸ்’ விதியைச் சரிபார்க்கும்போதே, அதன் விடை எந்தெந்த உறுப்புகளைச் சார்ந்தது என்று உலாவி குறியிட்டு வைத்துக்கொள்கிறது. பிறகு எங்காவது மாற்றம் நேர்ந்தால், மாறியது எந்த ‘ஹேஸ்’ விதியிலும் பேசப்படாத வகுப்பு என்றால் அதைப் பொருட்படுத்துவதில்லை. பேசப்படுகிற வகுப்பு என்றால், குறியிட்ட உறுப்புகளின் வழியாக மட்டும் மேலே ஏறுகிறது. ஒருமுறை தேடிக் கண்ட விடையை அந்தக் கணக்கீட்டுச் சுற்று முடியும்வரை சேமித்து வைப்பதால், அதே பெட்டிக்குள் மறுபடி மறுபடி இறங்க வேண்டியதில்லை. ‘ஹேஸ்’ தேர்விக்குள் இன்னொரு ‘ஹேஸ்’ எழுதக் கூடாது என்ற தடையும் இந்தக் கணக்கு கைமீறிப் போகாமல் இருப்பதற்காகத்தான்.

2022 மார்ச்சில் சஃபாரி 15.4, ஆகஸ்டில் குரோம் 105, 2023 டிசம்பரில் ஃபயர்ஃபாக்ஸ் 121 என்று ஒவ்வொன்றாக இதை ஏற்றுக்கொண்டன. நடுவில் ஒரு சம்பவம். ‘ஹேஸ்’ தேர்விக்குள் புரியாத பகுதி இருந்தால் அதை மட்டும் மன்னித்துவிட்டு மேலே செல்ல வேண்டும் என்பதே முதல் ஏற்பாடு. ஜேகுவெரியோ, தனக்கு மட்டுமே தெரிந்த சில தேர்விகளை முதலில் உலாவியிடம் கொடுத்துப் பார்க்கும். பிழை வந்தால் வேலையைத் தானே எடுத்துக்கொள்ளும். உலாவி பிழை சொல்லாமல் மன்னித்ததால் அந்த ஏற்பாடு முறிந்தது. பழைய தளங்கள் பழுதடைந்தன. 2022 டிசம்பரில் தரநிலைக் குழு விதியையே திருத்தி, ‘ஹேஸ்’ மன்னிக்காத தேர்வி என்று முடிவு செய்தது. யாரும் பராமரிக்காத பழைய பக்கங்களுக்காகப் புதிய தரநிலை வளைந்துகொடுத்ததை நான் மனமாரப் பாராட்டுகிறேன். பல ஆண்டுகளுக்கு முன் எழுதிய பக்கம் இன்றும் திறக்கிறது என்றால், இப்படிப்பட்ட முடிவுகளால்தான்.

அந்த முடிவால் உருவாக்குநர் மறக்கக் கூடாத ஒன்று உண்டு. காற்புள்ளியிட்டு எழுதிய தேர்விப் பட்டியலில் ஒன்றே ஒன்று உலாவிக்குப் புரியாமல் போனாலும் விதி முழுவதும் கைவிடப்படும். பழைய உலாவிகளை இன்னும் கவனிக்க வேண்டியவர்கள் ‘ஹேஸ்’ விதியை மற்றவற்றோடு சேர்க்காமல் தனியாக எழுதுங்கள். பக்கத்தின் உச்சி உறுப்பில் அதை மாட்டிவிட்டு ஆழத்தில் எதையோ தேடச் சொல்வதைக் கூடியவரை தவிருங்கள். நேரடிச் சேயையோ அடுத்த உடன்பிறப்பையோ மட்டும் பார்க்கச் சொன்னால், உலாவி இறங்க வேண்டிய ஆழம் ஒரே படியாகக் குறைந்துவிடும்.