பதிவை வேறு தளத்துக்குக் கொடுக்கும் முன்: தேடலில் மூலப் பக்கம் பின்தங்காமல் இருக்க

ஒரே கட்டுரை இரண்டு தளங்களில் இருந்தால் கூகுள் தண்டித்துவிடும் என்ற அச்சம், சொந்தத் தளத்தில் எழுதும் மருத்துவர்கள், வழக்கறிஞர்கள், கணக்குத் தணிக்கையாளர்கள் பலரிடமும் இருக்கிறது. பொதுவாக அப்படியொரு தண்டனை கிடையாது என்று கூகுள் 2008 செப்டம்பரிலேயே தன் அதிகாரபூர்வ வலைப்பதிவில் தெளிவுபடுத்திவிட்டது. தேடல் முடிவுகளை ஏமாற்றும் நோக்கத்தோடு பிறர் எழுத்தை மொத்தமாகப் படியெடுத்துக் குவிக்கும் தளங்கள் மீதுதான் நடவடிக்கை வரும். ஆனால் தண்டனை இல்லை என்பதற்காக இழப்பும் இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. ஒரே உள்ளடக்கம் கொண்ட பக்கங்களைக் கூகுள் ஒரு தொகுதியாகச் சேர்த்து, அவற்றில் ஒன்றை மட்டும் பிரதிநிதியாகத் தேர்ந்தெடுத்துத் தேடலில் காட்டுகிறது. அந்தப் பிரதிநிதி எழுதியவரின் பக்கமாகத்தான் இருக்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

ஜிஎஸ்டி உள்ளீட்டு வரிச் சலுகை பற்றிச் சிறு வணிகர்களுக்காக விரிவாக எழுதிய தணிக்கையாளர் ஒருவர், அதே நாளில் அதை ஒரு செய்தித் தளத்துக்கும் கொடுத்தார். செய்தித் தளங்களைத் தேடுபொறி நாள் முழுவதும் திரும்பத் திரும்பப் பார்வையிடும். சிறிய வலைப்பதிவுக்கு அது எப்போதாவதுதான் வரும். ஆகவே செய்தித் தளத்தின் பிரதி முதலில் பதிவானது. தளம் வைத்திருப்பவர்களுக்காகக் கூகுள் தரும் கருவியான சர்ச் கன்சோலில் அவருடைய பக்கம் நகல் என்ற பட்டியலில் போய் நின்றது. பிரதியின் அடியில் ‘நன்றி’ என்று போட்டு அவர் பெயரையும் தளத்தின் பெயரையும் அச்சிட்டிருந்தார்கள், இணைப்புகூடக் கொடுக்கவில்லை. நம் பத்திரிகை மரபில் அந்த நன்றி வரி மதிப்புக்குரியதுதான், வாசகருக்கு அது புரியும். ஆனால் எது மூலம், எது பிரதி என்று தேடுபொறிக்குச் சொல்ல அது போதாது.

தேடுபொறிக்குச் சொல்வதற்கென்றே இருப்பது கேனானிகல் குறிச்சொல். கூகுள், யாஹூ, மைக்ரோசாஃப்ட் மூன்றும் 2009 பிப்ரவரியில் இதைச் சேர்ந்து அறிவித்தன. வேறு வேறு தளங்களுக்கு இடையிலும் இதைப் பயன்படுத்தலாம் என்று கூகுள் அதே ஆண்டு டிசம்பரில் அனுமதித்தது. பிரதிப் பக்கத்தின் நிரலில் தலைப்பகுதியாக இருக்கும் ஹெட் பகுதியில், வாசகர் கண்ணுக்குத் தெரியாத ஒற்றை வரியாக, மூலப் பக்கத்தின் முகவரி இதில் குறிக்கப்படும். இது கட்டளை அன்று, குறிப்பு மட்டுமே. பிரதிப் பக்கத்தில் விளம்பரங்களும் தொடர்புடைய செய்திகளும் வேறு பட்டைகளும் சூழ்ந்து, பக்கமே வேறாகத் தோன்றினால், கூகுள் அந்தக் குறிப்பைப் புறக்கணிக்கக்கூடும். இதனால்தான் 2023இல் கூகுள் தன் வழிகாட்டலை மாற்றிக்கொண்டது: கூட்டாளித் தளங்களுக்குக் கட்டுரை கொடுக்கும்போது கேனானிகலை நம்பாமல், அந்தப் பிரதியை நோஇண்டெக்ஸ் குறிச்சொல்லால் தேடலிலிருந்தே விலக்கிவைக்கச் சொல்லுங்கள் என்பதே இப்போதைய பரிந்துரை.

நடைமுறையில் பெரிய தளங்கள் இதற்கு எளிதில் இசைவதில்லை, ஏனென்றால் தேடல் வழியாக வரும் வாசகர்களுக்காகத்தான் அவர்கள் கட்டுரையையே கேட்கிறார்கள். என் கருத்தில், முதலில் நோஇண்டெக்ஸைக் கேட்க வேண்டும். மறுத்தால் கேனானிகலும் கட்டுரையின் தொடக்கத்திலேயே மூலத்துக்கான இணைப்பும் கேட்க வேண்டும். இரண்டுக்கும் இசையாவிட்டால் முழுக் கட்டுரையைக் கொடுக்காமல் சுருக்கம் மட்டும் கொடுக்க வேண்டும். இந்தப் பேச்சு கட்டுரையை அனுப்பும் முன், மின்னஞ்சலில், எழுத்தாக நடக்க வேண்டும். வெளியான பிறகு கேட்டால் ஆசிரியர் குழுவுக்கும் தொழில்நுட்பக் குழுவுக்கும் நடுவே கோரிக்கை அலைந்துகொண்டே இருக்கும்.

நாமே கணக்கு வைத்து எழுதும் தளங்களில் வேலை எளிது. மீடியம் தளத்தின் இறக்குமதி வசதி வழியாகப் பதிவைக் கொண்டுவந்தால் கேனானிகல் தானாகவே நம் பக்கத்தைச் சுட்டும். வெட்டி ஒட்டினால் சுட்டாது, அப்போது அமைப்புகளுக்குள் போய் நாமே முகவரியைக் கொடுக்க வேண்டும். தேவ்.டூ, ஹேஷ்நோட் தளங்களிலும் இதற்கான இடம் உண்டு. லிங்க்ட்இன் கட்டுரைகளில் இல்லை. அங்கே முழுப் பதிவையும் இடாமல், அதன் மையக் கருத்தைப் புதிதாக நாலைந்து பத்திகளில் எழுதி இணைப்புக் கொடுப்பதே நல்லது.

கேனானிகலுக்கான இடத்தில் எந்த முகவரியை இடுகிறோம் என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். கைப்பேசியில் பிளாகர் பதிவைத் திறந்து முகவரியை எடுத்தால் அதன் கடைசியில் கைப்பேசிப் பதிப்புக்கான ஒட்டும் சேர்ந்து வரும். சமூக ஊடகத்திலிருந்து எடுத்தால் கண்காணிப்பு ஒட்டுகள் வால்போல் நீளும். இவற்றை நீக்கி, பதிவின் சுத்தமான முகவரியையே இட வேண்டும். தமிழ் முகவரிகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. வேர்ட்பிரஸ் ஒரு பதிவின் முகவரிப் பெயருக்கு 200 இடங்களே ஒதுக்குகிறது. தமிழின் ஒவ்வொரு குறியும், புள்ளியும் துணையெழுத்தும் உட்பட, குறியீடாக மாறும்போது 9 இடங்களைப் பிடிக்கும். ‘கட்டுரை’ என்ற ஒரு சொல்லுக்கே 63 இடங்கள் போய்விடுவதால், நீளமான தமிழ்த் தலைப்பின் முகவரி பாதியிலேயே வெட்டுப்படும். தலைப்பைப் பார்த்து யாரேனும் முகவரியைத் தாமாகத் தட்டச்சு செய்தால் அது இல்லாத பக்கத்தைச் சுட்டும். மறுவெளியீட்டுக்குப் போகக்கூடிய பதிவுகளுக்கு ரோமன் எழுத்தில் இரண்டு மூன்று சொற்களில் குறுகிய முகவரி வைத்துவிடுவதே பாதுகாப்பு.

கால வரிசையும் முக்கியம். பதிவைச் சொந்தத் தளத்தில் வெளியிட்டு, சர்ச் கன்சோலின் முகவரி ஆய்வுக் கருவியில் கொடுத்து, அது தேடலில் பதிவாகிவிட்டதை உறுதி செய்துகொண்ட பிறகே பிறருக்கு அனுப்ப வேண்டும். ஆயினும் முதலில் வெளியானதுதான் மூலம் என்று தேடுபொறி தானாகக் கொள்வதில்லை. இந்த இடைவெளி ஒரு துணை மட்டுமே, குறிச்சொல்லுக்கு மாற்றாகாது.

பிரதி வெளியான அன்றே அந்தப் பக்கத்தின் மூல நிரலைக் கணினியில் திறந்து கேனானிகல் வரியைத் தேடிப் பாருங்கள். பல தளங்களில் அது பிரதியின் சொந்த முகவரியையே சுட்டிக்கொண்டிருக்கும், ஏனென்றால் தளத்தின் மென்பொருள் அதைத் தானாக எழுதிவிடுகிறது. உதவி செய்வதாக எண்ணி, தேடுபொறி எந்தப் பக்கங்களுக்குள் வரக் கூடாது என்று சொல்லும் ரோபாட்ஸ் கோப்பில் அந்தப் பக்கத்தைத் தடுத்துவிடுபவர்களும் உண்டு. அப்படித் தடுத்தால் தேடுபொறியால் பக்கத்துக்குள் நுழைய முடியாது. உள்ளே இருக்கும் நோஇண்டெக்ஸையோ கேனானிகலையோ அது படிக்கவே படிக்காது. சில நாள் கழித்து நம் பக்கத்தை முகவரி ஆய்வுக் கருவியில் பார்த்தால், நாம் அறிவித்த கேனானிகலும் கூகுள் தேர்ந்தெடுத்த கேனானிகலும் தனித்தனியே காட்டப்படும். இரண்டும் ஒன்றாக இருந்தால் நம் பக்கம் பாதுகாப்பாக இருக்கிறது.

கேட்காமலே எடுத்துப் போடுபவர்களின் கதை வேறு. புதிய பதிவுகளைத் தானாக வெளியே அனுப்பும் செய்தியோடையில் (ஆர்எஸ்எஸ்) முழுப் பதிவும் போனால் அதைத் தானியங்கி நிரல்கள் அப்படியே அள்ளிக்கொள்ளும். வேர்ட்பிரஸின் வாசிப்பு அமைப்புகளில் சுருக்கம் மட்டும் போகுமாறு மாற்றிவிடலாம். பதிவுக்குள் நம்முடைய பழைய பதிவுகளுக்கு முழு முகவரியோடு இணைப்புக் கொடுத்திருந்தால், திருடப்பட்ட பிரதியும் நம்மையே சுட்டிக்கொண்டிருக்கும். இந்தியாவின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் இணைய எழுத்துக்கும் பொருந்தும். கூகுளின் பதிப்புரிமைப் புகார்ப் படிவத்தில் முறையிட்டு அந்தப் பக்கத்தைத் தேடலிலிருந்து நீக்கக் கோரலாம்.

ஏற்கெனவே கொடுத்துவிட்ட கட்டுரைகளுக்கும் வழி இருக்கிறது. சேர்க்க வேண்டிய கேனானிகல் வரியை நாமே சரியான முகவரியோடு எழுதி, இதை இந்தப் பக்கத்தின் ஹெட் பகுதியில் சேர்த்துத் தாருங்கள் என்று அந்தத் தளத்துக்கு அனுப்பலாம். ஆசிரியர் அதைத் தொழில்நுட்பக் குழுவுக்கு அப்படியே அனுப்பிவிட முடியும் என்பதால், விளக்கமாக எழுதும் கடிதத்தைவிட இதற்கு விரைவில் பலன் கிடைக்கிறது. அவர்கள் மாற்றிய பிறகும் அந்தப் பழைய பக்கத்தைத் தேடுபொறி மறுபடி பார்வையிட வாரக்கணக்கில் ஆகலாம். அதுவரை நம் மூலப் பக்கத்தின் முகவரியை எக்காரணம் கொண்டும் மாற்றாதீர்கள்.