செம்பருத்தியைத் தாளில் தேய்த்தால் ஏன் ஊதா வருகிறது?

வாசல் வேலியில் பூத்திருக்கும் சிவப்புச் செம்பருத்தியில் ஓர் இதழைக் கிள்ளி, சாதாரண ஏ4 தாளில் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். பூ ரத்தச் சிவப்பாக இருக்கும், தாளில் விழும் கோடு ஊதாவாக இருக்கும். அந்தக் கோட்டின் மேல் ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டால் சிவப்பு திரும்பி வருகிறது. பக்கத்தில் கொஞ்சம் சோப்புத் தண்ணீரைத் தொட்டு வைத்தால் நீலம் கலந்த பச்சை.

பூச்சாற்றில் பூ வரையலாம் என்று பலர் ஆசையாக ஆரம்பிக்கிறார்கள், அப்புறம் நிறம் சரியாக வரவில்லை என்று விட்டுவிடுகிறார்கள். எனக்கு இது உண்மையிலேயே வருத்தம். நிறம் மாறுவதுதான் இதில் இருக்கும் பெரிய வசதியே. கடையில் வாங்கும் வாட்டர் கலரை எங்கே தடவினாலும் அதே நிறம்தான். பூச்சாறு, மஞ்சள், தேயிலை எல்லாம் எதன் மேல் விழுகின்றன, எதோடு சேருகின்றன என்பதைப் பொறுத்து நிறம் மாறுபவை. ஏன் மாறுகின்றன என்று தெரிந்துவிட்டால் நாலே சாமானை வைத்துப் பத்து நிறம் எடுக்கலாம்.

அதுவும் நான் இருக்கும், மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் மாதிரி ஒரு தோட்டப்புற ஊரில் இதற்கு எதையும் தேடி ஈப்போ வரை போக வேண்டியதில்லை. வேலி ஓரத்தில் செம்பருத்தியும் சங்குப்பூவும், நம் மளிகைக்கடையில் மஞ்சள்தூள், வெற்றிலைச் சுண்ணாம்பு, படிகாரம், கொல்லையில் வாழை, தோட்டத்துக்குள் பால்மரம், அதாவது ரப்பர் மரம். பள்ளிப் பிள்ளைகளின் வண்ணப்பெட்டியில் சிவப்பும் மஞ்சளும்தான் முதலில் தீரும். அந்த இரண்டும் இங்கே சும்மா கிடைக்கின்றன.

சரி, ஊதா விஷயத்துக்கு வருவோம். செம்பருத்தி இதழின் செல்கள் ஒவ்வொன்றிலும் சாறு நிறைந்த பை ஒன்று உண்டு. அந்தச் சாறு கொஞ்சம் புளிப்பானது, அமிலத்தன்மை உள்ளது. நிறம் தரும் அந்தோசயனின் என்ற பொருள் அதில்தான் கரைந்திருக்கிறது. அமிலத்தில் இந்த மூலக்கூறு சிவப்பாகத் தெரியும். அமிலம் குறைந்தால் மூலக்கூறிலிருந்து ஹைட்ரஜன் அயனி ஒன்று கழன்றுபோகிறது, அதோடு அது விழுங்கும் ஒளியும் மாறிவிடுகிறது, நம் கண்ணுக்கு ஊதா. காரம், அதாவது அமிலத்துக்கு எதிரான தன்மை, இன்னும் ஏறினால் நீலம், பச்சை. ரொம்பக் கடுமையான காரம் என்றால் மூலக்கூறின் வளையமே உடைந்து மஞ்சளாகிவிடும், அதன்பிறகு எவ்வளவு எலுமிச்சை பிழிந்தாலும் பழைய சிவப்பு முழுதாகத் திரும்பாது.

தாளில் காரம் எங்கிருந்து வந்தது? காகித ஆலைகள் பழைய காலத்தில் படிகாரமும் மரப்பிசினும் சேர்த்து அமிலத்தன்மையோடுதான் தாள் செய்தன. அந்தத் தாள்கள் சில பத்தாண்டுகளிலேயே பழுத்து நொறுங்கின. 1980களிலிருந்து உலகம் முழுக்கப் பெரும்பாலான ஆலைகள் கார முறைக்கு மாறின. இன்று நாம் வாங்கும் வெள்ளைத் தாளில் கால்சியம் கார்பனேட், அதாவது சுண்ணாம்புக்கல் தூள், நிரப்பியாகச் சேர்ந்திருக்கிறது. இதழைத் தேய்க்கும்போது அதன் புளிப்பை இந்தத் தூள் தின்றுவிடுகிறது, அதனால்தான் ஊதா. இது தெரிந்தால் வழியும் தெரிந்துவிடும்: சிவப்புச் செம்பருத்தி வேண்டும் என்றால் முதலில் அந்த இடத்தில் எலுமிச்சைச் சாறு தடவிக் காயவிட்டு, அதன் மேல் இதழைத் தேயுங்கள். இதழின் ஓரத்தை ஊதாவாகவே விட்டு, நடுவில் மட்டும் எலுமிச்சை தொட்டால் வரும் அழகு தனி.

பூச்சாறு இப்படி நிறம் மாறுவதை ராபர்ட் பாயில் 1664ல் வெளியிட்ட நூலிலேயே எழுதிவைத்தார். வயலெட் பூவின் பாகில் அமிலம் விட்டால் சிவப்பு, காரம் விட்டால் பச்சை. நம் பள்ளி ஆய்வுக்கூடத்து லிட்மஸ் தாளுக்குப் பின்னால் இருப்பதும் இதே வகைச் சங்கதிதான், அதற்குப் பூவுக்குப் பதில் லைக்கன் என்ற பாறைப்பாசியின் சாயம்.

சங்குப்பூ இன்னும் கெட்டிக்காரப் பூ. மலாய்க்காரர்கள் புங்கா தெலாங் என்று சொல்லும் இதைத்தான் கிளந்தான் பக்கம் நாசி கெராபு சோற்றுக்கு நீலம் ஏற்றப் போடுகிறார்கள். சோற்றோடு கொதித்தும் நீலம் போகவில்லை என்பதைக் கவனியுங்கள், செம்பருத்திச் சாறு இதைத் தாங்காது. சாதாரண அந்தோசயனினுக்குத் தண்ணீர்தான் எதிரி: தண்ணீர் மூலக்கூறு அதன் நடு வளையத்தில் வந்து ஒட்டிக்கொண்டால் நிறமே இல்லாமல் போய்விடும். சங்குப்பூவில் இருக்கும் டெர்னாட்டின் என்ற வகைக்கு நீளமான பக்கக்கிளைகள் உண்டு, அவை மடிந்து வந்து நடு வளையத்தை இரண்டு பக்கமும் மூடிக்கொள்கின்றன, தண்ணீர் உள்ளே நுழைய இடம் குறைவு. பத்துப் பதினைந்து பூவைக் கொஞ்சமாக வெந்நீரில் ஊறவைத்துப் பிழிந்தால் தடவக்கூடிய நீலம் தயார். அதில் எலுமிச்சை கொஞ்சம் சேர்த்தால் ஊதா, நிறையச் சேர்த்தால் ரோஸ், சமையல் சோடா சேர்த்தால் பச்சைச் சாயல். ஒரு கிண்ணத்துச் சாற்றில் இதழ், காம்பு, இலை மூன்றும் வந்துவிடும்.

இந்தச் சாறுகளில் ஒரு சிட்டிகை படிகாரத்தைக் கரைத்துக்கொள்வது நல்லது. படிகாரத்தில் இருக்கும் அலுமினிய அயனி சாய மூலக்கூறையும் தாளின் இழையையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும், நிறமும் நீலம் பக்கம் சாய்ந்து ஆழமாகும். துணிக்குச் சாயம் போடுகிறவர்கள் நெடுங்காலமாகச் செய்வது இதுதான். பசைக்கு அரபிக் கோந்து தேட வேண்டாம். செம்பருத்தி இலையைக் கசக்கினால் வழவழப்பாக வருமே, தலைக்குத் தேய்த்துக் குளிக்கும் அதே வழவழப்பு, அது நீண்ட சர்க்கரைச் சங்கிலிகளால் ஆனது. அதைச் சாற்றில் கலந்தால் நிறம் ஓடாமல் தூரிகை விட்ட இடத்தில் நிற்கும்.

மஞ்சளுக்கு வேறு குணம். தண்ணீரில் கலந்து பூசினால் தாளில் திட்டுத்திட்டாகத் தூள்தான் நிற்கும், ஏனென்றால் மஞ்சளுக்கு நிறம் தரும் குர்க்குமின் தண்ணீரில் கரையாது. ஆல்கஹாலில் நன்றாகக் கரையும். கோவிட் காலத்தில் வாங்கிய ஹேண்ட் சானிட்டைசர் இன்னும் பல வீடுகளில் அலமாரியில் கிடக்கிறது, அதில் மஞ்சள்தூளைக் குழைத்துப் பாருங்கள். ஜெல் வகையாக இருந்தால் இன்னும் நல்லது, கெட்டியான, பளிச்சென்ற மஞ்சள் வண்ணம் கிடைக்கும். அடுப்பும் மெழுகுவர்த்தியும் பக்கத்தில் இருக்கக் கூடாது, அவ்வளவுதான். காய்ந்த பிறகு தென்னை ஈர்க்கைச் சுண்ணாம்புத் தண்ணீரில் தொட்டு அதன் மேல் கோடு போட்டால் கோடு போட்ட இடமெல்லாம் ரத்தச் சிவப்பு. ஆரத்தித் தட்டில் பார்க்கும் அதே சிவப்பு. தெளிந்த சுண்ணாம்புத் தண்ணீரின் பிஎச் (அமிலம், காரத்தை அளக்கும் எண், 7 என்றால் நடுநிலை) 12க்கு மேல், அவ்வளவு காரத்தில் குர்க்குமின் ஹைட்ரஜனை இழந்து நிறம் மாறுகிறது. சாமந்தியின் நெருக்கமான இதழ்களை வரைய இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. ஆனால் அதே காரத்தில் குர்க்குமின் மெல்லச் சிதையவும் செய்யும், சிவப்பு நாள்போக்கில் பழுப்பாகும், அதனால் முடித்தவுடனே படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். சுண்ணாம்பு கண்ணில் பட்டால் ஆபத்து, சின்னப் பிள்ளைகள் கையில் கொடுக்காமல் சமையல் சோடாவைக் கொடுங்கள், சிவப்பு அவ்வளவு அழுத்தமாக வராது, பரவாயில்லை.

இனி இந்த ஊருக்கே உரிய சாமான், பால்மரப் பால். பக்கத்தில் கோலகங்சாரில் 1877ல் நட்ட ரப்பர் கன்றுகளில் ஒன்று மரமாகி இன்றும் நிற்கிறது. சுற்றுவட்டாரத்தில் செம்பனை என்ற எண்ணெய்ப்பனை எவ்வளவோ இடத்தைப் பிடித்துவிட்டாலும் பால்மரம் அடியோடு போய்விடவில்லை. ஓவியக் கடைகளில் வாட்டர் கலர்காரர்களுக்கென்று ஒரு திரவத்தைச் சின்னப் போத்தலில் விற்கிறார்கள், வெள்ளையாக இருக்க வேண்டிய இடத்தை மறைத்துவைக்க. அந்தப் போத்தல்களில் பெரும்பாலும் இருப்பது என்ன தெரியுமா? ரப்பர் பாலும் கொஞ்சம் அமோனியாவும். நம் ஆட்கள் விடியுமுன் எழுந்து, மரத்தில் கட்டிய மங்கு என்ற கிண்ணத்தில் சேர்த்த அதே பால்.

மரத்திலிருந்து வரும் பாலில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு ரப்பர், மீதி பெரும்பாலும் தண்ணீர். ரப்பர் கண்ணுக்குத் தெரியாத உருண்டைகளாக மிதக்கிறது. ஒவ்வோர் உருண்டையையும் சுற்றிப் புரதமும் கொழுப்பும் சேர்ந்த மெல்லிய உறை, அதன் மேல் எதிர் மின்னூட்டம். எல்லாவற்றிலும் ஒரே வகை மின்னூட்டம் என்பதால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு ஒட்டாமல் மிதக்கின்றன. அமிலம் சேர்ந்தால் அந்த மின்னூட்டம் அடங்கி உருண்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகும். தோட்டத்தில் பால் சேரும் ஸ்டோரில் அதை உறையவைக்க ஃபார்மிக் அமிலம் ஊற்றுவது இதற்காகத்தான். சும்மா விட்டாலும் சில மணி நேரத்தில் கிருமிகள் பெருகி அவை உண்டாக்கும் அமிலத்தால் மங்கிலேயே கட்டிப்பாலாகிவிடும், அமோனியா அதைத் தடுக்கிறது. அமோனியா நெடி மூக்கைத் துளைக்கும், வெளியில் உட்கார்ந்து செய்யுங்கள். ரப்பர் பால் சிலருக்கு ஒவ்வாமை தரும், கை அரித்தால் அதோடு விட்டுவிட வேண்டும்.

ஈர்க்கின் நுனியைப் பாலில் தொட்டு, செம்பருத்தியின் நடுவில் நீட்டிக்கொண்டிருக்கும் தண்டையும் அதன் மகரந்தப் புள்ளிகளையும் தாளில் வரையுங்கள். தண்ணீர் காய்ந்ததும் உருண்டைகள் நெருங்கி ஒட்டி, தண்ணீர் புகாத ஒரு தோல் ஆகிவிடும். அதன் மேல் சாற்றை இஷ்டத்துக்குப் பூசலாம். சாறு நன்றாகக் காய்ந்தபின் விரலால் உருட்டி எடுத்தால் ரப்பர் உரிந்து வரும், அடியில் தாளின் வெள்ளை அப்படியே இருக்கும். அன்றைக்கே உரித்துவிடுங்கள், நாள் கடந்தால் தாளோடு கிழியும். நல்ல தூரிகையைப் பாலில் விடாதீர்கள், மயிரெல்லாம் ஒட்டிப் பாழாகும், அதற்குத்தான் ஈர்க்கு. மெழுகால் மறைத்துச் சாயம் போடும் பாத்தேக் துணியில் மெழுகு செய்யும் வேலையும் இதேதான், ஆனால் மெழுகை உருக்க வேண்டும், தாளிலிருந்து முழுதாக எடுக்கவும் முடியாது. இந்த வேலைக்குப் பால்தான் மேல் என்பேன்.

கறுப்புக் கோட்டுக்குத் துருப்பிடித்த ஆணிகளை வினிகரில் இரண்டு நாள் போட்டுவையுங்கள். திக்கான தேத்தண்ணியால் கோடு போட்டு அதன் மேல் இந்த வினிகரைத் தடவினால் சாம்பல் நிறம் வந்து, காற்றுப் படப்பட இருளும். தேயிலைக்குத் துவர்ப்புத் தரும் டானின் வகைப் பொருள்களும் இரும்பும் சேர்ந்த கலவை அது. ஐரோப்பாவில் நூற்றாண்டுக் கணக்காகக் கையெழுத்துப் படிகளை எழுதிய மை இந்தக் குடும்பம்தான், அதில் டானினுக்கு ஓக் மரத்தின் காய்முடிச்சு, அதாவது மாசிக்காய். வாழைத்தண்டின் கறையும் இப்படித்தான்: வரையும்போது ஒன்றும் தெரியாது, காற்றிலிருக்கும் ஆக்சிஜனோடு சேர்ந்து பழுப்பாகி, பிறகு எதற்கும் போகாது. வெள்ளைச் சட்டையில் வாழைக்கறை பட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பூச்சாறும் மஞ்சளும் வெயிலில் வெளுக்கும். இதைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு. 1842ல் ஜான் ஹெர்ஷல் என்ற அறிவியலாளர் இதையே பயன்படுத்தித் தாளில் பூச்சாறு தடவி, வெயிலில் படம் எடுத்துக் காட்டினார். நம் ஊருக்கு இது மிகவும் பொருந்தும், நிலநடுக்கோட்டிலிருந்து 5 டிகிரிக்குள் இருக்கிறோம், வெயிலுக்கா பஞ்சம்? சானிட்டைசரில் கரைத்த மஞ்சளைத் தாள் முழுக்கப் பூசி இருட்டில் காயவையுங்கள். அதன் மேல் அழுத்திக் காயவைத்த பூவையோ பெரணி இலையையோ வைத்து, ஒரு கண்ணாடித் துண்டால் மூடி, காலை பத்து மணிவாக்கில் வெயிலில் வையுங்கள், மத்தியானத்துக்கு மேல் எப்போது மழை கொட்டும் என்று சொல்ல முடியாது. ஒளி பட்ட இடத்தில் குர்க்குமின் சிதைந்து வெளுக்கும், பூ மறைத்த இடத்தில் மஞ்சள் அப்படியே தங்கும். ஒன்றிரண்டு மணி நேரத்தில் ஓரம் வெளுத்தது தெரிந்தால் எடுத்து, சமையல் சோடாத் தண்ணீரை மெல்லத் தடவுங்கள். மிச்சமிருக்கும் மஞ்சள் செம்பழுப்பாக மாறி, இதழ் இதழாக, நரம்போடு பூவின் உருவம் துலங்கும். மெல்லிய இதழ் கொஞ்சம் ஒளியை உள்ளே விடும், தடித்த காம்பு விடாது, அதனால் கையால் தீட்டாமலே நிழல் பேதம் விழுந்திருக்கும். செம்பருத்தி இதழை இதற்கு வைத்தால் நரம்பு ஒவ்வொன்றும் எண்ணிவிடலாம் போல வரும், சங்குப்பூ அவ்வளவாகச் சரிப்படாது, இதழ் சுருங்கிவிடுகிறது. முடிந்த படத்தைச் சுவரில் மாட்டாமல் நோட்டுப் புத்தகத்துக்குள் வைத்துவிடுங்கள், வெளிச்சம் படாமல் இருந்தால் நெடுநாள் இருக்கும்.