மக்களைத் தேடி மருத்துவம்: வீட்டுக்கே மாத்திரை பெறுவது எப்படி?

தமிழ்நாடு அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் பெயரைக் கேட்டதும், நோயாளியின் வீட்டுக்கு மருத்துவரே வந்து பார்ப்பார் என்று பலர் எண்ணிவிடுகிறார்கள். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் தொடங்கி வைத்த இத்திட்டத்தின் அடிப்படை வேலை அதைவிட எளிமையானது: உயர் ரத்த அழுத்தம், நீரிழிவு ஆகியவற்றுக்கு ஏற்கெனவே சிகிச்சையில் இருப்பவருக்கு மாத்திரை இடைவெளியின்றிக் கிடைக்கச் செய்வது.

இது சிறிய வேலையன்று. இவ்விரு நோய்களும் பெரும்பாலும் வலி தருவதில்லை. உடம்பு நன்றாக இருப்பதுபோல் தோன்றியதும் பலர் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். தினக்கூலிக்குப் போகிறவருக்கோ, ஆரம்ப சுகாதார நிலையத்தில் வரிசையில் நிற்பது என்றால் ஒரு நாள் கூலி போய்விடும். மாத்திரை நின்று சில ஆண்டுகள் கழித்து வரும் பக்கவாதத்துக்கும் சிறுநீரகப் பாதிப்புக்கும் காரணம் அந்த இடைவெளிதான் என்பது அப்போது யாருக்கும் நினைவிருக்காது.

வீட்டுக்கு வருபவர் பெரும்பாலும் உள்ளூர் சுயஉதவிக் குழுவைச் சேர்ந்த மகளிர் சுகாதாரத் தன்னார்வலர். அவர் நோயாளியின் கையில் துணிப்பட்டை சுற்றி ரத்த அழுத்தம் பார்ப்பார். விரல் நுனியில் ஒரு துளி ரத்தம் எடுத்துச் சர்க்கரை அளவு பார்ப்பார். அழுத்தம் 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புவார். நோயை உறுதி செய்வதும், மருந்தையும் அளவையும் முடிவு செய்வதும் அங்குள்ள மருத்துவரின் பொறுப்பு; தன்னார்வலர் தாமாக மருந்தை மாற்றித் தரமாட்டார், அவரிடம் கேட்கவும் கூடாது. ஆகவே முதல் படியாக அரசு மருத்துவரிடம் சென்று பெயரைப் பதிவு செய்துகொள்ள வேண்டும். இதுவரை தனியார் மருத்துவமனையில் பார்த்தவர்கள் பழைய சீட்டையும் மாத்திரை அட்டையையும் கையோடு கொண்டுபோனால், மருத்துவருக்கு வேலை எளிதாகும்.

வீட்டில் மருந்து வழங்குவதில் 45 வயதைக் கடந்தவர்களுக்கும் நடமாட இயலாதவர்களுக்கும் முன்னுரிமை உண்டு. படுக்கையில் இருப்பவர்களுக்கு இயன்முறை மருத்துவரும் (பிசியோதெரபிஸ்ட்), நோயின் வலியையும் துன்பத்தையும் தணிக்கும் நோய் ஆதரவுச் செவிலியரும் வீட்டுக்கே வருகிறார்கள். வயிற்றுக்குள் திரவம் செலுத்தி வீட்டிலேயே டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கு அத்திரவப் பைகளும் கொண்டுவந்து தரப்படுகின்றன. ஒரு நாளைக்குப் பல பைகள் தேவைப்படும் சிகிச்சை என்பதால், அவற்றைச் சுமந்து வரும் அலைச்சல் குறைவதே அக்குடும்பங்களுக்குப் பெரிய உதவி. இவை எதற்கும் கட்டணம் கிடையாது. 2024இல் இத்திட்டத்துக்கு ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருதும் கிடைத்தது.

மாத்திரை தீரும் நிலையில் தன்னார்வலர் வரவில்லை என்றால் காத்திருக்க வேண்டாம். அருகிலுள்ள துணை சுகாதார நிலையத்தில் தெரிவிக்கலாம், 104 என்ற எண்ணிலும் விசாரிக்கலாம். நெஞ்சுவலியோ, திடீரென வாய் கோணலோ ஏற்பட்டால் இத்திட்டத்தை நம்பி வீட்டில் இருக்கக் கூடாது. உடனே 108ஐ அழைக்க வேண்டும்.