செப்புக் கோட்டுக்குக் கொசுவம் வைத்த கதை

“ரிவிக்கென்றால் கூரைக்கு மேலே அன்ரனா இருக்கும். இதிலே எங்கே இருக்கிறது?” என்று வட்டுக்கோட்டையிலிருந்து ஒரு மாணவர் கேட்டிருந்தார். அவர் கையிலிருந்தது ஈஎஸ்பி32 பொருத்திய ஒரு சின்னப் பலகை. ஷாங்காயிலுள்ள எஸ்பிரெசிஃப் நிறுவனம் 2016 இல் வெளியிட்ட மின்னணுச் சில்லு (சிப்) அந்த ஈஎஸ்பி32. வைஃபை, புளூடூத் இரண்டும் அதற்குள்ளேயே உண்டு. நிரலை ஏற்றிவிட்டால் தண்ணீர்த் தாங்கி எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று போனுக்குச் சொல்லும், கோழிக்கூட்டு விளக்கை நேரத்துக்கு அணைக்கும். அதற்கெல்லாம் யூடியூப்பில் வீடியோக்கள் கொட்டிக் கிடக்கின்றன. எனக்குப் பிடித்தது தம்பியின் கேள்விதான்.

சில்லை மூடிய உலோகக் கவசத்துக்கு அப்பால், பலகையின் ஓரத்தில் நெளிநெளியாக ஒரு செப்புக் கோடு தெரியும். அதுதான் அன்ரனா.

இந்த வைஃபை 2.4 கிகாஹேர்ட்ஸில் வேலை செய்கிறது. அதாவது நொடிக்கு 240 கோடி அதிர்வுகள். ஓர் அதிர்வு முடிவதற்குள் அலை 12.5 சென்ரிமீற்றர் போய்விடும். அதில் கால்வாசி, ஏறக்குறைய 3.1 சென்ரிமீற்றர் நீளக் கம்பி இருந்தால் போதும்.

ஏன் கால்வாசி? வேப்பமரத்து ஊஞ்சலை நினைத்துக்கொள்ளுங்கள். அது திரும்பி வரும் நேரம் பார்த்துத் தள்ளினால் சிறு பிள்ளை தள்ளினாலும் உயரம் போகும். கம்பியில் ஏறும் மின் அலை கால் அதிர்வு நேரத்தில் நுனியைத் தொட்டு, முட்டித் திரும்பி, இன்னொரு கால் அதிர்வில் அடிக்கு வந்து சேர்கிறது. அந்த நொடியில் சில்லும் சரியாக அடுத்த தள்ளைக் கொடுக்கிறது. ஆட்டம் பெருக, அலை வெளியே கிளம்புகிறது.

அந்தக் கோடு அன்ரனாவின் ஒரு பாதி மட்டுமே. கிணற்றை எட்டிப் பார்த்தால் தென்னை தலைகீழாகத் தெரியுமே, அதுபோலப் பலகையில் விரிந்து கிடக்கும் செப்புத் தளம் மறு பாதியாக நின்று வேலை செய்கிறது.

சரி, சில்லையும் அன்ரனாவையும் சேர்த்துப் பலகையில் பதிக்கும் வுரூம் என்ற தொகுதியின் அகலமோ 18 மில்லிமீற்றர்தான். 31 மில்லிமீற்றர் கோட்டை அதில் எப்படி அடக்குவது? சேலைக்குக் கொசுவம் வைப்பதுபோல மடித்துவிட்டார்கள்! சும்மா கிடைத்த வசதி இல்லை இது. அடுத்தடுத்த மடிப்புகளில் மின்னோட்டம் எதிரெதிர்த் திசையில் ஓடுவதால் ஒன்றின் வீச்சை மற்றது பெரும்பாலும் அழித்துவிடும். மடிப்புகளை இணைக்கும் சின்னத் துண்டுகள்தான் ஒன்றுசேர்ந்து வீசுகின்றன. கொஞ்சம் திறனை விட்டுக்கொடுத்து இடத்தை வாங்கியிருக்கிறார்கள். பள்ளி ஆய்வுகூட அலுமாரியைப் பூட்டியே வைத்திருப்பவர்கள் இப்படியொரு பலகையை வாங்கிப் பிள்ளைகள் கையில் கொடுத்தால், அலைநீளச் சமன்பாட்டை யாரும் மனப்பாடம் பண்ண வேண்டியிருக்காது.

நானும் இதில் ஒருமுறை மாட்டிக்கொண்டேன். மழைக்கு நனையாதிருக்கட்டும் என்று பலகையைப் பிஸ்கட் ரின்னுக்குள் வைத்து மூடித் தாங்கியின் மேல் ஏற்றினேன். ரவுட்டரோடு இணையவே இல்லை. “செவ்வாய்க்கிழமை தொடங்கினால் இப்படித்தான்” என்றார் அம்மம்மா. மூடியைத் திறந்தேன், இணைந்தது. அதுவும் அதே செவ்வாய்க்கிழமைதான். ரின் அலையை உள்ளேயே அடைத்து வைத்திருந்தது, அவ்வளவுதான். அம்மம்மா மட்டும் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

இப்போது அது ஐஸ்கிறீம் டப்பாவுக்குள் இருக்கிறது. தம்பி, நீங்களும் பிளாஸ்ரிக் டப்பாவே எடுங்கள். நெளிகோடு உள்ள நுனியைப் பற்றரியிலிருந்தும் வயர்களிலிருந்தும் விலக்கி வெளிப்பக்கம் பார்த்து வையுங்கள். தண்ணீரும் இந்த அலையை விழுங்கும் என்பதால் டப்பாவைத் தாங்கியின் பின்னால் மறைக்காமல், ரவுட்டர் இருக்கும் பக்கமாகக் கட்டுங்கள்.