சுழற்சிப் பொருளாதாரம்: மறுசுழற்சிக்கு இன்னொரு பெயரா?

நிறுவனங்களின் ஆண்டறிக்கைகளில் இப்போது அடிக்கடி தட்டுப்படும் தொடர் 'சர்குலர் எகானமி'. தமிழில் சிலர் வட்டப் பொருளாதாரம் என்கிறார்கள், சிலர் சுழற்சிப் பொருளாதாரம் என்கிறார்கள். எப்படி எழுதினாலும், "ஓ, மறுசுழற்சியா" என்று நகர்ந்துவிடுகிறவர்கள் நிறையப் பேர். அங்கேதான் சிக்கல்.

'சர்குலர்' லத்தீன் வழி வந்த சொல். சிறு வளையம் என்பது அதன் வேர்ப்பொருள். பொருளாதாரத்துக்குள் இந்த வளையம் வந்தது தாமதமாகத்தான். 1966இல் பொருளாதார அறிஞர் கென்னத் போல்டிங் பூமியை ஒரு விண்கலமாகப் பார்க்கச் சொன்னார்: வெளியிலிருந்து சரக்கு வராது, குப்பையைக் கொட்ட வெளியே இடமும் கிடையாது. 1976இல் ஆய்வாளர்கள் வால்டர் ஸ்டாஹெலும் ஜெனெவீவ் ரெடேயும் ஐரோப்பிய ஆணையத்துக்குக் கொடுத்த அறிக்கை, பொருள்கள் குப்பைக்குப் போகாமல் மறுபடி பயன்பாட்டுக்கு வளையமாகத் திரும்பிவரும் பொருளாதாரத்தை விவரித்தது. 2009 முதல் சீனாவில் இதற்கென்று சட்டமே இருக்கிறது.

ஸ்டாஹெல் சொல்வதில் முக்கியமான ஒன்று: வளையம் சிறிதாக ஆக ஆக லாபம் அதிகம். மின்கலம் செத்துப்போன கைபேசியை எடுத்துக்கொள்ளுங்கள். மின்கலத்தை மட்டும் மாற்றினால் அது சின்ன வளையம். கைபேசியையே உருக்கிச் செம்பையும் தங்கத்தையும் பிரித்தால் பெரிய வளையம். கைபேசியைத் தயாரிக்கச் செலவான உழைப்பும் ஆற்றலும் உலையோடு போய்விடும். இரண்டில் எது நடக்கும் என்பது பல நேரம் மூடிக்குக் கீழே இருப்பது திருகாணியா, பசையா என்பதைப் பொறுத்தது. 2027 பிப்ரவரி முதல், கையடக்கக் கருவிகளின் மின்கலத்தை வாங்கியவரே கழற்றி மாற்ற முடிய வேண்டும் என்கிறது ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி (விலக்குகளும் உண்டு). ஆக, மறுசுழற்சி என்பது இந்த வளையங்களில் கடைசி, வேறு வழி இல்லாதபோது போகிற வழி.

வணிகத்தில் இது கணக்கையே புரட்டிப் போடுகிறது. லாரி நிறுவனங்களுக்கு டயரை விற்காமல், ஓடிய கிலோமீட்டருக்குக் கட்டணம் வாங்கும் முறை ஒன்றை டயர் நிறுவனமான மிஷெலின் நடத்தியிருக்கிறது. டயர் விற்கிறவருக்கு அது தேய்ந்தால்தான் அடுத்த வியாபாரம். கிலோமீட்டர் விற்கிறவருக்கோ தேயாமல் இருந்தால்தான் காசு. டென்மார்க்கின் கலுண்ட்போர்கில் அனல்மின் நிலையப் புகையிலிருந்து கந்தகத்தை நீக்கும்போது கிடைத்த ஜிப்சம், பக்கத்து ஆலையில் சுவர்ப்பலகை ஆனது. ஆலை இல்லாதவர்களும் சும்மா இருக்கவில்லை: 2009இல் ஆம்ஸ்டர்டாமில் தொடங்கிய 'ரிப்பேர் கஃபே' கூட்டங்களுக்கு உடைந்த சாமானைக் கொண்டுபோனால், தெரிந்தவர்களோடு உட்கார்ந்து சரிசெய்து எடுத்து வரலாம்.

சரி, தமிழ்ச் சொல்? 'வட்டம்' வடிவத்தைத்தான் காட்டும், ஓட்டத்தைக் காட்டாது. போதாததற்கு, வட்டாட்சியர் அலுவலகமும் நினைவுக்கு வரும். 'சுழல் பொருளாதாரம்' சுருக்கமாக இருக்கிறது, ஆனால் நீர்ச்சுழலில் மாட்டிக்கொண்ட பொருளாதாரம் போல ஒலிக்கிறது. மறுசுழற்சியோடு குழம்பும் ஆபத்து இருந்தாலும் என் ஓட்டு 'சுழற்சிப் பொருளாதார'த்துக்கே. எதிர்ச்சொல் நேர்கோட்டுப் பொருளாதாரம்: எடு, செய், எறி.

கூடவே வரும் 'சஸ்டெய்னபிள்' என்பதற்கு 'நிலையான' வேண்டாம். நிலையான விலை என்றால் ஏறி இறங்காத விலை. நிலையான வளர்ச்சியும் அப்படித்தான் புரியும். 'வளங்குன்றா' என்பது நேராக விஷயத்தைத் தொடுகிறது. ஆனால் சுழற்சியும் வளங்குன்றாமையும் ஒன்றல்ல. பழைய துணியைத் திரும்ப வாங்கிக்கொண்டு, அந்தச் சாக்கில் இரண்டு மடங்கு புதுத்துணி விற்கும் நிறுவனம் தன்னைச் சுழற்சிக்காரர் என்று சொல்லிக்கொள்ளலாம். வளங்குன்றா வணிகம் என்று சொல்லிக்கொள்ள முடியாது.