ரொமான்ஸ்: ராஜா கதைக்குள் வந்து சேர்ந்த சொல்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் எங்கள் அத்தை வீட்டுப் பரணில் ஒரு தகரப் பெட்டி உண்டு. வாரப் பத்திரிகைகளிலிருந்து தொடர்கதைகளைக் கிழித்துச் சேர்த்து பைண்டு பண்ணியவை. இளவரசி மயங்கி விழும் பக்கத்திலேயே பல்பொடி விளம்பரமும் இருக்கும். அத்தைக்கு அவை ‘ராஜா கதை’. காலேஜ் போனதும் நான்தான் ‘ஹிஸ்டாரிக்கல் ரொமான்ஸ்’ என்று பெயர் மாற்றினேன்.

இன்று ரொமான்ஸ் என்றால் காதல். “அங்கே என்ன ரொமான்ஸ்?” என்று கேட்டால் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தச் சொல் பிறந்தபோது அதில் காதலே இல்லை. லத்தீனில் ‘ரோமானிக்கே’ என்றால் ‘ரோமானியர் பாணியில்’. பழைய பிரெஞ்சில் அதுவே பண்டிதர்களின் லத்தீனுக்கு மாறாக, ஜனங்கள் பேசும் மொழிக்குப் பெயரானது. 12-ஆம் நூற்றாண்டில் அலெக்சாண்டர், ஆர்தர் கதைகளை அந்த மொழியில் பாட்டாகச் சொன்னார்கள். மொழியின் பெயர் கதைக்கு ஒட்டிக்கொண்டது. வீரன், மாயம், சீமாட்டி என்று கதைகள் வளர்ந்து, கடைசியில் சொல்லில் காதல் மட்டும் தங்கிவிட்டது. பிரெஞ்சிலும் ஜெர்மனிலும் ‘ரொமான்’ என்றால் இன்றும் நாவல்தான்.

நம் ‘சரித்திரம்’ மட்டும் என்னவாம்? வடமொழியில் அது நடத்தை, ஒருவர் வாழ்ந்த கதை. 1879-இல் வந்த தமிழின் முதல் நாவலின் பெயரே ‘பிரதாப முதலியார் சரித்திரம்’. முழுக்கக் கற்பனை! ‘வரலாறு’ வேறு: வரல் + ஆறு, வந்த வழி.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? ‘வரலாற்றுக் காதல் புதினம்’ என்பதில் பிழையில்லை. ஆனால் அரசாணை வாசிப்பதுபோல் இருக்கிறது. என் ஓட்டு ‘சரித்திரக் காதல் கதை’க்கு.

இந்த வகையே தமிழ் மரபுக்கு ஒரு மீறல். அகப்பாட்டில் காதலர் பெயரைச் சுட்டக்கூடாது என்பது தொல்காப்பியம். தகடூர் அதியமான் என்று பெயர் சொல்லிப் பாடுவது புறம். ராஜா கதையோ அரசன் பெயரையும் சொல்லி, அவன் அந்தப்புரத்துக்குள்ளும் எட்டிப் பார்க்கிறது. அகமும் புறமும் ஒரே பைண்டிங்கில்!

குறைகளுக்குப் பஞ்சமில்லை. சோழர் காலத்தில் சேர்வராயன் மலையில் நடக்கும் ஒரு கதையில் ஒற்றன் சில்வர் ஓக் மரத்துக்குப் பின்னால் பதுங்குவான். அது ஆஸ்திரேலிய மரம். ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களில் நிழலுக்காக வைத்தது. அந்தக் காப்பியே 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் கொண்டுவந்தது. அரண்மனை அடுப்படியில் மிளகாய் வேறு அரைபடும். மிளகாயைக் கொண்டுவந்த போர்ச்சுகீசியர் கப்பல் வர இன்னும் நானூறு, ஐந்நூறு வருஷம் இருக்கிறது.

இதையெல்லாம் சிரித்துக்கொண்டே தாண்டிவிடுவேன். தாண்ட முடியாதது ஒன்று: நாயகன் நாயகியைத் தூக்கிக்கொண்டு போவான், அவள் முப்பது அத்தியாயம் அழுதுவிட்டு அவனையே விரும்புவாள். பழைய இலக்கணத்தில் இதற்குக் காதல் என்று பெயரில்லை, பெருந்திணை, அதாவது பொருந்தாக் காமம். அந்தப் பக்கங்களை மட்டும் வேகமாகப் புரட்டுகிறேன்.

மிளகாய் விஷயத்தை அத்தையிடம் சொன்னேன். கண்ணாடியை மூக்கில் தள்ளிவிட்டு, “அது கிடக்கட்டும்டி, அந்தக் குதிரைக்காரன் கோட்டைக்குள்ள போனானா?” என்றார்.