"எந்த வரியில் இருக்கிறது?": அமெரிக்க நடுநிலைப் பள்ளியின் ஆங்கில வகுப்பில் பிள்ளைகள் கற்பது

அமெரிக்க நடுநிலைப் பள்ளியில், அதாவது ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரையில், சுருக்கமாக இ.எல்.ஏ. என்று அழைக்கப்படும் ஆங்கில மொழிக்கலைப் பாடத்தைக் கற்பித்து வருகிறேன். பெற்றோர் சந்திப்புக்கு வரும் தமிழ்க் குடும்பங்கள் என்னிடம் கேட்பவை பெரும்பாலும் மூன்றே கேள்விகள்: இலக்கணப் புத்தகம் ஏன் கொடுப்பதில்லை, எழுத்துப்பிழைகளை ஏன் சிவப்பு மையால் சுழிப்பதில்லை, தொடக்கப் பள்ளியில் நன்றாக வாசித்த பிள்ளைக்கு இப்போது ஏன் மதிப்பெண் இறங்கிவிட்டது. முதல் இரண்டு கேள்விகளுக்குப் பின்னால் இருக்கும் எதிர்பார்ப்பைப் புரிந்துகொண்டால் மூன்றாவதற்கு விடை கிடைத்துவிடும். நம்மில் பலர் ஊரில் படித்த ஆங்கிலப் பாடம், வீட்டில் பேசாத ஒரு மொழியைச் சொற்களும் இலக்கணமுமாகக் கற்றுக்கொடுத்தது. இங்கே பிள்ளைக்கு ஆங்கிலம் ஓரளவு கைவந்துவிட்டது என்று வைத்துக்கொண்டுதான் பாடம் தொடங்குகிறது. வாசித்ததிலிருந்து ஒரு முடிவுக்கு எப்படி வருவது, அந்த முடிவை அடுத்தவர் ஏற்கும்படி எப்படி நிறுவுவது என்பவைதான் இந்த மூன்றாண்டுகளின் முதன்மைப் பாடம்.

எதைக் கற்பிக்க வேண்டும் என்பதை ஒவ்வொரு மாநிலமும் தன் கல்வித் தரநிலைகளாக வகுத்திருக்கிறது. 2010ஆம் ஆண்டில் வெளியான 'காமன் கோர்' தரநிலைகளைப் பெரும்பாலான மாநிலங்கள் ஏற்றன; சில அப்படியே வைத்திருக்கின்றன, சில பெயரை மாற்றித் திருத்தியிருக்கின்றன. டெக்சாஸும் வர்ஜீனியாவும் அவற்றை ஏற்காமல் தங்கள் சொந்தத் தரநிலைகளையே பின்பற்றுகின்றன. பெயர்கள் வேறுபட்டாலும் வாசிப்பு, எழுத்து, பேச்சும் கேட்டலும், மொழி அமைப்பு ஆகியவை எங்கும் உண்டு. அவை அனைத்தையும் ஊடுருவி நிற்பது சான்று.

காமன் கோர் தரநிலைகளில் இது படிப்படியாக ஏறுவதைக் காணலாம். ஆறாம் வகுப்பு மாணவர் தம் கருத்துக்கு வாசித்த பகுதியிலிருந்து சான்று காட்ட வேண்டும். ஏழாம் வகுப்பில் ஒன்று போதாது, பல சான்றுகள் வேண்டும். எட்டாம் வகுப்பில் கருத்தை மிக வலுவாகத் தாங்கும் சான்று எது என்று தேர்ந்தெடுக்கத் தெரிய வேண்டும். காகிதத்தில் படிக்கும்போது மூன்றும் ஒன்றுபோலத் தோன்றும். வகுப்பறையில் அப்படி இல்லை.

பயிற்சிக்காக நானே எழுதிய ஒரு சிறு பகுதியைச் சொல்கிறேன். ஊருக்குத் திரும்ப வேண்டிய ஒரு முதியவர் விமான நிலையத்துக்குக் கிளம்பி உட்கார்ந்திருக்கிறார். கடிகாரத்தை இரண்டு முறை பார்க்கிறார். பெட்டியின் பூட்டை இழுத்துப் பார்க்கிறார். பிறகு, "இன்னும் நேரம் இருக்கிறது, இன்னொரு காபி குடிக்கலாம்" என்கிறார். அவருக்குக் கிளம்ப விருப்பமா என்பது கேள்வி. "விருப்பமில்லை" என்று ஏறக்குறைய எல்லாருமே எழுதிவிடுகிறார்கள். விடை சரிதான், ஆனால் அந்த ஒரு சொல்லுக்கு மதிப்பெண் கிடையாது. ஏன் என்று கேட்டால், "அவர் கடிகாரத்தைப் பார்க்கிறார், பூட்டைப் பார்க்கிறார், காபி கேட்கிறார்" என்று நடந்ததை வரிசையாக ஒப்பிக்கிறார்கள். நன்றாக வாசிக்கும் தமிழ்ப் பிள்ளைகள் பலரும் மதிப்பெண் இழப்பது இந்த இடத்தில்தான். கதையைச் சுருக்கிச் சொல்வதையே அவர்கள் விடையாக நினைக்கிறார்கள். கடிகாரத்தைப் பார்ப்பவர் எப்போது கிளம்பலாம் என்ற அவசரத்திலும் பார்த்திருக்கலாம், பூட்டைச் சரிபார்ப்பவர் வெறும் கவனக்காரராகவும் இருக்கலாம். ஆகவே அவ்விரண்டும் இரு பக்கமும் சாயக்கூடிய சான்றுகள். நேரம் இருக்கிறது என்று தானே சொல்லிப் புறப்பாட்டைத் தள்ளிப்போடுவது மட்டுமே ஒரு பக்கமாக நிற்கிறது. இந்த வேறுபாட்டைத் தன் சொற்களில் எழுதும் மாணவர் எட்டாம் வகுப்பின் எதிர்பார்ப்பை எட்டிவிட்டார் என்று கொள்ளலாம். கூற்று, சான்று, அந்தச் சான்று கூற்றை எப்படித் தாங்குகிறது என்ற விளக்கம் ஆகிய மூன்றில் பெரும்பாலும் விடுபடுவது விளக்கம்தான்.

கதைகளோடு வகுப்பு நின்றுவிடுவதில்லை. கட்டுரை, உரை, செய்தி, வரலாற்று ஆவணம் போன்ற தகவல்சார் எழுத்துகளுக்கும் பெரிய இடம் உண்டு. ஆறாம் வகுப்பிலிருந்து சமூக அறிவியலுக்கும் அறிவியலுக்கும் தனியாக வாசிப்புத் தரநிலைகளே இருக்கின்றன. ஒரு வாதத்தில் ஆதாரம் உள்ள கூற்று எது, வெறுமனே சொல்லிவிட்டுப் போன கூற்று எது என்று பிரித்தறிவது ஆறாம் வகுப்புப் பாடம். வாதத்துக்குத் தொடர்பில்லாத ஆதாரம் நுழைக்கப்பட்டிருப்பதைக் கண்டுபிடிப்பது எட்டாம் வகுப்புப் பாடம். (நம் குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் அதிகாலையில் வந்து விழும் மருத்துவக் குறிப்புகளைவிட இதற்கு நல்ல பயிற்சிப் பொருள் கிடைப்பது அரிது.)

எழுத்தில் வாதக் கட்டுரை, விளக்கக் கட்டுரை, கதை அல்லது அனுபவ எழுத்து என்று மூன்று வகைகள் உண்டு. ஏழாம் வகுப்பிலிருந்து வாதக் கட்டுரையில் எதிர்த்தரப்பின் கருத்தையும் குறிப்பிட்டாக வேண்டும். கணினியில் எழுதும் பழக்கமும் பாடத்தின் பகுதியே. ஒரே அமர்வில் குறைந்தது மூன்று பக்கங்கள் தட்டச்சு செய்யும் திறனை ஆறாம் வகுப்பிலேயே எதிர்பார்க்கிறார்கள்.

இலக்கணத்தைக் கைவிட்டுவிட்டார்கள் என்பது உண்மையன்று. ஆறாம் வகுப்பில் பிரதிப்பெயர்ச் சொற்கள் யாரைச் சுட்டுகின்றன என்ற தெளிவு, ஏழாம் வகுப்பில் தவறான இடத்தில் அமர்ந்து பொருளைக் குழப்பும் அடைத்தொடர்கள், எட்டாம் வகுப்பில் செய்வினை, செயப்பாட்டுவினை என்று அதற்கும் ஒரு வரிசை இருக்கிறது. சொல்வளத்தை வளர்க்க இலத்தீன், கிரேக்க வேர்ச்சொற்களைக் கற்பிக்கிறோம். ஆனால் இவற்றைத் தனித்தாளில் பயிற்சியாகச் செய்வதைவிட, மாணவர் தாமே எழுதிய பத்தியைத் திருத்தும்போது கற்பிப்பதையே நான் விரும்புகிறேன். கட்டணம் செலுத்தி வாரந்தோறும் இலக்கணத் தாள்களை நிரப்பிவரும் பிள்ளைகள் சிலர், அந்தத் தாளில் முழு மதிப்பெண் பெற்றுவிட்டுத் தம் கட்டுரையில் அதே பிழையைச் செய்வதை அடிக்கடி பார்க்கிறேன்.

பேச்சுக்கும் மதிப்பெண் உண்டு என்பது பல பெற்றோருக்கு வியப்பாக இருக்கிறது. வட்டமாக அமர்ந்து ஒரு பகுதியை விவாதிக்கும்போது, மற்றவர் சொன்னதைப் பற்றிக்கொண்டு மேலே பேசுவதும், மரியாதையோடு மறுப்பதும், புதிய சான்று வந்தால் தன் கருத்தை மாற்றிக்கொள்வதும் கவனிக்கப்படுகின்றன. பெரியவர் பேசும்போது குறுக்கே பேசக்கூடாது என்று வளர்க்கப்பட்ட பிள்ளைகள் இங்கே சற்றுத் தயங்குவது இயல்பு. அதை அடக்கமின்மைக்கான பயிற்சியாகப் பெற்றோர் எண்ண வேண்டியதில்லை. வகுப்பில் மறுக்கப்படுவது ஆளன்று, கருத்து.

"எங்களுக்கு ஆங்கில இலக்கியம் தெரியாதே, வீட்டில் எப்படி உதவுவது?" என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது, தமிழிலேயே உதவுங்கள் என்பதுதான். சேர்ந்து பார்த்த படத்தில் அந்த அண்ணன் பொய் சொல்கிறான் என்று பிள்ளை சொன்னால், எந்தக் காட்சியை வைத்துச் சொல்கிறாய் என்று கேளுங்கள். வேறு விதமாகவும் அதைப் புரிந்துகொள்ள முடியுமா என்று தொடர்ந்து கேளுங்கள். சான்றைத் தேடும் பழக்கத்துக்கு மொழி தடையில்லை. தமிழில் பழகியது ஆங்கிலக் கட்டுரையிலும் கைகொடுக்கும். மாறாக, பிள்ளையின் கட்டுரையை வாங்கி நீங்களே திருத்தி எழுதிக் கொடுப்பது உதவியாகாது. கூகுள் டாக்ஸில் எழுதும் கட்டுரையின் திருத்த வரலாற்றை ஆசிரியரால் பார்க்க முடியும். இரவு பத்து மணிக்கு மூன்று பத்திகள் ஒரே நொடியில் வந்து சேர்ந்திருந்தால், அவை செயற்கை நுண்ணறிவுச் செயலியிலிருந்து வந்தனவா அப்பாவிடமிருந்து வந்தனவா என்று நான் பிள்ளையிடம் கேட்க நேர்கிறது. அது எங்கள் இருவருக்குமே சங்கடமான உரையாடல்.

அடுத்த சந்திப்புக்கு வரும்போது, இணையத்தில் தெரியும் சராசரி சதவீதத்தைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள். சந்திப்புக்கு ஒதுக்கப்படும் சில நிமிடங்கள் அந்த எண்ணிலேயே கழிந்துவிடும். மதிப்பிடப்பட்ட ஒரு கட்டுரையையும் அதனுடன் உள்ள ரூப்ரிக் எனப்படும் மதிப்பீட்டு அட்டவணையையும் காட்டச் சொல்லுங்கள். அதில் சான்றுக்கும் விளக்கத்துக்கும் பெரும்பாலும் தனித்தனி வரிசைகள் இருக்கும். குறைந்த புள்ளி எந்த வரிசையில் இருக்கிறதோ அதைச் சுட்டி, கட்டுரையின் எந்தப் பத்தியில் அது குறைந்தது என்று கேட்டால், எந்த ஆசிரியரும் அந்த இடத்தை உங்களுக்குக் காட்டிவிடுவார்.